பெரிய கிளிப் கேட்டபோது

மும்பையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக எனக்கு 16 ஆண்டுகள் ஆகிவிட்டன. சயானில் குடியிருக்கிறேன், தாராவி கூப்பிடு தூரம். பித்தப்பைக் கல்லோடு வரும் தமிழ்ப் பெண்கள் பலர், மயக்க மருந்துக்கு முன் நான் தமிழில் இரண்டு வார்த்தை பேசியதும் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

இந்தியாவிலேயே முதன்முதலாக லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளை வழியே கேமராவை விட்டுத் திரையில் பார்த்துச் செய்யும் முறையில், பித்தப்பை அகற்றப்பட்டது இந்த ஊரில்தான். 1990இல் ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹம்தன் உத்வாடியா செய்தார். இன்று நான்கு சிறு துளைகள், மறுநாள் வீடு. அதனால் இதைச் சின்ன ஆபரேஷன் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது.

காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, புறநகரில் ஒரு சிறிய மருத்துவமனை. அன்று மூன்றாவது கேஸ். பித்தப்பையை இழுத்துப் பிடித்திருந்தார்கள். திரையில் ஒரு குழாய் தெளிவாகவே தெரிந்தது. வெட்டும் முன் குழாயை இறுக்கி மூடும் கிளிப்பை டாக்டர் வைத்தார். குழாயின் முழு அகலத்துக்கும் அது எட்டவில்லை. “பெரியது கொடுங்கள்” என்றார். கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மாவின் கண்கள் மஞ்சளித்தன, வயிறு உப்பியது. வெட்டப்பட்டது பித்தப்பையின் குழாய் அல்ல. ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளம். வேறொரு பெரிய மருத்துவமனையில் சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து ஈரலின் நாளத்தோடு இணைத்தார்கள். அந்த அம்மாவும் வீட்டாரும் பல மாதம் அலைந்தார்கள். பித்தப்பையின் குழாய் பொதுவாக மெல்லியது. வழக்கமான கிளிப் போதவில்லை என்றால் நாம் பிடித்திருப்பது வேறு குழாயோ என்று அங்கேயே நிற்க வேண்டும். அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் வாய் திறந்திருப்பேனா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

இத்தகைய காயம் ஆயிரம் பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு நேர்கிறது என்கிறார்கள். பெரும்பாலும் கை தவறுவதால் அல்ல, கண் ஏமாறுவதால். பித்தப்பையை ஒரே பக்கமாக இழுக்கும்போது பொதுப் பித்தநாளமும் கூடவே எழும்பி, பித்தப்பையின் குழாய்போலவே நேர்கோட்டில் நிற்கும். வீக்கம் இருந்தால் ஏமாற்றம் இன்னும் எளிது.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அறுவை மருத்துவர் 1995இல் வகுத்த மூன்று நிபந்தனைகள் நிறைவேறாமல் கிளிப் கேட்க மாட்டார்கள். ஈரலுக்கும் நாளங்களுக்கும் இடையிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ்ப்பகுதி ஈரலிலிருந்து பிரிந்து, பின்னால் ஈரல் தெரிய வேண்டும். பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு: ஒரு குழாய், ஒரு ரத்தநாளம். முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்து, டாக்டர் வாய்விட்டு “இரண்டு” என்பார். அதுவரை கிளிப் கருவி என் தட்டிலேயே இருக்கும். அந்த அரை நிமிடம் தியேட்டரில் மானிட்டர் சத்தம் மட்டும்தான் கேட்கும். எனக்கு மிகவும் பிடித்த அரை நிமிடம் அது.

போன மாதம் தாராவியில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா வந்தார். கடையை மூட முடியாது என்று இரண்டு ஆண்டுகளாக வலியைத் தள்ளிப்போட்டவர். உள்ளே பார்த்தால் எல்லாம் ஒட்டிப்போய்க் கல்லாக இறுகியிருந்தது. ஒரு மணி நேரம் முயன்றும் அந்த “இரண்டு” வரவில்லை. டாக்டர் கருவியைக் கீழே வைத்தார். மூத்த டாக்டர் ஒருவரை அழைத்துத் திரையைக் காட்டினார். இருவரும் பேசி, பித்தப்பையைத் திறந்து கற்களை எடுத்துவிட்டு, நாளத்தோடு ஒட்டியிருந்த அடிப்பகுதியைத் தொடாமல் விட்டார்கள். கசிவு வெளியேற ஒரு ரப்பர் குழாய் வைத்தோம். ஒரு வாரம் அதில் பித்தம் கசிந்து, பிறகு நின்றது.

“முழுவதும் எடுக்கவில்லையாமே, சிஸ்டர்?” என்று அக்கா வருத்தப்பட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் விட்டார்கள் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். அந்தத் துண்டில் மறுபடி கல் வரக்கூடும், வலி வந்தால் உடனே வர வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. நீண்ட நேரம் படத்தையே பார்த்தவர், அதை மடித்து ஸ்கேன் கவருக்குள் வைத்துக்கொண்டார்.

நாளைய பட்டியலில் இரண்டு பித்தப்பைகள். ஒருவருக்கு ஐந்து நாட்களாகக் காய்ச்சலும் வலியும். வயிற்றைத் திறந்து செய்ய நேர்ந்தால் தேவைப்படும் கருவிகளையும் இன்றே ஸ்டெரிலைஸ் செய்து வைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.