முகம்

மே 4

பதினோரு படங்கள் வந்திருக்கின்றன. மூன்றுக்கு மேல் பார்க்க முடியவில்லை. கணினியை மூடிவிட்டேன்.

மே 5

இதழின் நடுப்பக்கம் இன்னும் காலி. "படமே இல்லாமல் முள்ளிவாய்க்காலை எப்படிச் சொல்வாய்?" என்கிறார் ஆசிரியர். நியாயமான கேள்வி. 2009இல் இலங்கை அரசு பத்திரிகையாளர்களை உள்ளே விடாமல் நடத்திய இறுதிப் போர். இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழு, 2011இல். அடுத்த வருடம் வந்த ஐ.நா.வின் உள் ஆய்வு, 70,000க்கும் மேற்பட்டோர் கணக்கிலேயே வரவில்லை என்றது.

ஆனால் இந்தப் படங்களை எடுத்தது யார்? புதுமாத்தளனில் பள்ளிக்கூடத்தையே ஆஸ்பத்திரியாக்கி வைத்திருந்தபோது, உள்ளே சிக்கியிருந்தவர்கள் எடுத்தவை சில. யாராவது பார்த்துவிட்டு வந்து நிறுத்த மாட்டார்களா என்று எடுத்தவை. மற்றவை சிப்பாய்கள் வெற்றியின் ஞாபகத்துக்குக் கைப்பேசியில் எடுத்துவைத்தவை. 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி காட்டிய வீடியோ இந்த வகை. கொன்றவர்கள் நின்ற இடத்தில் நின்றுதான் நாமும் பார்க்கிறோம். அதை மறைத்தால் சாட்சியம் போகிறது. போட்டால் அவர்கள் செய்த அவமானத்தை நாமும் ஒருமுறை செய்கிறோம். இரவு இரண்டு மணி வரை இதே யோசனை.

மே 6

மழை. அக்கா மெய்ப்பு பார்க்க வரவில்லை.

மே 8

பாலச்சந்திரன். பிரபாகரனின் இளைய மகன். 12 வயது. 2013 பிப்ரவரியில் படங்கள் வெளிவந்தன. மணல்மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, தோளில் ஒரு துணியோடு, எதையோ தின்றுகொண்டிருக்கிறான். அடுத்த படத்தில் நெஞ்சில் குண்டுத் துளைகள்.

அடுத்த மாதம் தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் போராடினார்கள். அந்த இரண்டாவது படத்தைப் பதாகையாக்கி நானும் பிடித்து நின்றேன். கோபம் உண்மையானது, அதை இன்றும் மறுக்கமாட்டேன். மூன்றாம் நாள் அதே பதாகை சாலையோரச் சேற்றில் கிடந்தது. பையனின் நெற்றிக்குக் குறுக்கே டயர் தடம். எடுத்து மடித்து வைக்க வேண்டும் என்றுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை.

தின்றுகொண்டிருக்கும் படம் மட்டுமே போதும் என்று இப்போது நினைக்கிறேன்.

மே 9

பெண்களின் படங்கள் இரண்டையும் எடுத்துவிட்டேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உயிரோடு இருந்தபோது யார் முன்னாலும் அந்தக் கோலத்தில் நின்றிருக்க மாட்டார்கள்.

மே 10

மீதி ஒன்பதிலும் முகங்களை மங்கலாக்கினேன். மூன்று மணி நேரமானது. 1943இல் 'லைஃப்' பத்திரிகை நியூகினியின் பூனா கடற்கரையில் இறந்து கிடந்த மூன்று அமெரிக்கச் சிப்பாய்களின் படத்தைப் போட்டபோது ஒருவர் முகமும் தெரியவில்லை. அந்த மரியாதை நம் ஆட்களுக்கும் வேண்டும் அல்லவா? கொஞ்சம் நிம்மதி. நன்றாகத் தூங்குவேன்.

மே 11

அக்கா பக்கத்தைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, ஏன் முகத்தை அழிச்சனீங்கள்?"

மரியாதைக்காக என்றேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"முகத்தை மறைச்சுப்போட்டா நான் எப்பிடிச் சின்னவனைத் தேடுறது?"

இத்தனை வருடமாக இப்படி ஒரு படம் எங்கே வந்தாலும் முதலில் சட்டையைப் பார்ப்பாராம். நீலக் கட்டம். அப்புறம் இடது காது. சின்ன வயதில் முள்கம்பி கிழித்த தழும்பு. "சட்டை ஆரும் போடலாம். காது மாறாது."

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியிலிருந்து, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் சாலையோரம் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் கையிலும் படங்கள்தான். பள்ளிச் சீருடை, கல்யாணக்கோலம், பாஸ்போர்ட் சைஸ். எல்லாவற்றிலும் முகம் நேராக நம்மைப் பார்க்கும். நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து அழித்தது அந்த முகங்களை.

மே 12

சரி, மறைக்காமல் போட்டு, அதில் சின்னவன் இருந்தால்? மெய்ப்புத் தாளில், எழுத்துப்பிழைகளுக்கு நடுவிலா அக்கா அவனைப் பார்க்க வேண்டும்?

அச்சுக்குப் போகும் முன், தேடுகிறவர்கள் மூலப்படத்தைப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை இதழ் போட்டும் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே. அக்காவிடம் கேட்டேன்.

"தனியப் பாக்கமாட்டன். நீங்களும் பக்கத்தில இருங்கோ."

மே 13

ஆறு பார்த்தோம். நான்காவதில் கையை உயர்த்தினார். பெரிதாக்கினேன். இன்னும் என்றார். காது திரை முழுக்க வந்து, கட்டம் கட்டமாக உடைந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"இல்லை. இது வேற ஆரோ ஒருத்தியின்ர பிள்ளை."

அந்தப் பிள்ளையை என்ன செய்வது?

மே 14

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை. அக்கா முகம் கழுவப் போயிருக்கிறார். இன்னும் மூன்று படங்கள் இருக்கின்றன.