அரிதட்டில் தங்காதது

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத்துத் தூசியை ஆய்வுக்காகச் சேகரிக்கும் பணியில் சேர்ந்த முதல் வாரமே தவறு செய்தேன். நாகம் (துத்தநாகம் என்ற உலோகம்) பூசிய தகரத் தட்டால் தூசியை வாரி அனுப்பியிருந்தேன். முடிவு வந்தபோது எல்லா மாதிரிகளிலும் நாகம் மிகுந்திருந்தது. ரயர் ரப்பரில் நாக ஒட்சைட்டு சேர்க்கப்படுவதால், ரயர் தேயும் வீதியில் நாகம் இருப்பது இயல்புதான். ஆனால் வாகனமே நுழையாத கோயில் உள்வீதியிலும் அதே அளவைக் கண்ட பிறகுதான், குற்றம் என் கைத்தகரத்தினது என்று விளங்கியது. பிளாஸ்ரிக் தட்டும் தூரிகையும் வாங்கி எல்லாவற்றையும் மீண்டும் எடுத்தேன்.

வீதி கூட்டும் அக்கா ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, கிரவல் புழுதிதானே நெஞ்சை அடைக்குது, நீங்கள் ஏன் கராச் வாசல் கரியைச் சுரண்டுறியள்?” என்று கேட்டார். கிரவல் புழுதியும் நுரையீரலுக்கு ஆகாததுதான். ஆனால் கராச் வாசலின் சாம்பல் நிறத் தூசியில் பிரேக் கட்டையின் செப்பும், புகையோடு வந்து படிந்த ஐதரோகாபன்களும், உடைத்த பற்றறிகளின் ஈயமும் சேர்ந்திருக்கும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் கைவிடப்பட்டதும், போரால் மூடப்பட்டிருந்த ஏ9 வீதி மீண்டும் திறக்கப்பட்டதும் ஒரே ஆண்டில், 2002இல். அதற்கு முன், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, கிளிநொச்சி அடங்கிய வன்னிப் பகுதியின் வாகனங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. எனவே இங்கு ஈயம் கண்டால் பழைய பெற்றோலைவிடப் பற்றறியையும் பழைய பெயின்ற்றையும்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

காய்ந்த தூசியை 63 மைக்குரோமீற்றர் அரிதட்டில் அரித்தால், மணலும் கல்லும் மேலே தங்க, முகப்பூச்சு மாவைப் போன்ற ஒன்று கீழே இறங்கும். எடைக்கு எடை மேற்பரப்பு அதிகமாதலால் உலோகங்கள் இதில்தான் கூடுதலாக ஒட்டியிருக்கும். தவழும் பிள்ளையின் உள்ளங்கையில் ஒட்டி வாய்க்குப் போவதும் இதுவே.

சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டினால் எழுவதும் அதே மாவுதான். முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துக் கூட்டுவதைப்போல வீதிக்கும் தெளித்தால் என்ன என்று அக்கா கேட்டார். நான் அறிக்கையில் முகக்கவசத்தை மட்டுமே எழுதியிருந்தேன். சரியான யோசனைதான், ஆனால் குடிக்கவே பவுசர் (தண்ணீர் வண்டி) பார்த்திருக்கும் ஆவணி மாதத்தில் வீதிக்கு யார் தண்ணீர் தருவார்கள்? அவரோ தன் வேலையை விடியற்காலை நாலரைக்கு, காற்று எழுமுன், மாற்றிக்கொண்டார். நான் தூரிகையோடு போய்ச் சேரும்போது கராச் வாசல் துடைத்துவிட்டாற்போல் கிடக்கிறது. மாதிரிக்கு அவருடைய சாக்கைத்தான் அவிழ்க்க வேண்டியிருக்கிறது.