மேகத்தின் தலை போகும் வழி வேறு, உடம்பு வரும் வழி வேறு

ஜூலை முதல் வாரத்தில் ஆரம்பித்தது. ஆவடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தினமும் காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் நின்று, நாற்பது பக்க நோட்டில் நாலு வரி எழுதுவது. என்ன மேகம், வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்தால் எத்தனை பங்கு மூடியிருக்கிறது, காற்று எந்தப் பக்கம், மழை எத்தனை மில்லிமீட்டர். எட்டரை ஏன் என்றால், வானிலை ஆய்வு மையத்தின் மழைக் கணக்கும் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரைதான். அதே நேரத்தில் அளந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

முதல் மாதத்து மழைக் கணக்கை அப்படியே அடித்துவிட வேண்டியதாயிற்று. 7 செ.மீ. விட்டமுள்ள நேரான பிளாஸ்டிக் டப்பா, தண்ணீர் வெளியே தெறிக்கக்கூடாது என்று அதன்மேல் 14 செ.மீ. வாயுள்ள ஒரு புனல். ஒருநாள் காலை ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 92! 64.5 மி.மீ. தாண்டினாலே கனமழை என்று கணக்கு, எனவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "ஆவடியில் கனமழை" என்று பெருமையாகப் போட்டேன். மச்சான் மட்டும் பதில் போட்டார்: "மாப்ள, புனல் வாய் எவ்வளவு அகலம்?" விட்டம் இரண்டு மடங்கு என்றால் பரப்பு நாலு மடங்கு. ஆக உண்மையில் பெய்தது 23. புனலைத் தூக்கிப் போட்டுவிட்டு டப்பாவை மட்டும் வைத்தேன், சரியாகிவிட்டது.

மேகங்களின் பெயர் பிடிபட இன்னும் கொஞ்ச நாள் ஆனது. 1802-ல் லண்டனில் லூக் ஹோவர்டு என்ற மருந்து வியாபாரி வைத்த லத்தீன் பெயர்கள்தான் குமுலஸ், சிர்ரஸ், ஸ்ட்ராட்டஸ் எல்லாம். நம் பள்ளிப் பாடத்தில் திரள், கீற்று, படை என்று இருக்கிறது, எனக்கு அதுதான் வசதி. திட்டுத்திட்டாக இருக்கும் மேகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று குழம்பினால் கையை நீட்டிப் பார்ப்பேன். தலைக்கு மேலே உள்ள ஒரு திட்டு சுண்டுவிரல் அகலம்கூட இல்லையென்றால் உயர்மேகம், அதற்கு மேல் மூன்று விரலுக்குள் என்றால் இடைமட்டம், அதைவிடப் பெரிது என்றால் கீழே இருப்பது. அடிவானத்தை ஒட்டியதற்கு இது சரிப்படாது. எனக்கு முக்கால்வாசி சரியாக வருகிறது.

அப்புறம் முன்னறிவிப்பின் சொற்கள். "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை" என்று சொல்லிவிட்டு நம் தெருவில் ஒரு சொட்டு இல்லையென்றால் நானும் முன்பு திட்டுவேன். அந்தப் பகுதியில் உள்ள மழைமானிகளில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவானவற்றில் பெய்யும் என்பதுதான் அதற்குப் பொருள். அதாவது முக்கால்வாசிப் பேருக்குப் பெய்யாது என்றும் அதே வரியே சொல்லிவிடுகிறது. "பல இடங்களில்" என்றால்தான் பாதியைத் தாண்டும். இது தெரிந்த பிறகு கோபம் குறைந்தது, குடை எடுத்துப்போவது மட்டும் குறையவில்லை.

ஆகஸ்டில் ஒரு மாலை நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஐந்தேகாலுக்கு மேற்கே, திருவள்ளூருக்கும் அப்பால், ஒரு திரள் மேகம் காலிஃபிளவர் மாதிரி முடிச்சு முடிச்சாக எழும்பிக்கொண்டிருந்தது. விளிம்பு கத்தரித்த மாதிரி கூர்மை. இருபது நிமிடத்தில் உச்சி மட்டும் மங்கி, நார் நாராகி, கொல்லன் பட்டறைக் கல் போலத் தட்டையானது. உச்சியில் நீர்த்துளி பனித்துகளாக மாறினால் விளிம்பு இப்படிக் கலைந்துவிடும், இடிமழை கொண்டுவரும் கார்திரள் மேகம் என்று அப்போது அடித்துச் சொல்லலாம். அந்தத் தட்டைத் தலை மேற்குப் பக்கமாகவே நீண்டுகொண்டு போனது. சரி, மேகம் நம்மைவிட்டுப் போகிறது என்று முடிவுகட்டி, துணியை எடுக்கட்டுமா என்று கேட்ட அம்மாவிடம் "வராதும்மா, அது அந்தப் பக்கம் போகுது" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

எட்டு மணிக்கு மின்னல். இடி கேட்க முப்பது விநாடி ஆனது, மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் பத்து கிலோமீட்டர். அடுத்தது இருபது. கொஞ்ச நேரத்தில் ஜில்லென்று ஒரு காற்று கதவை அறைந்தது, பின்னாலேயே மழை. நான் மேலே ஓடுவதற்குள் இரண்டு பெட்ஷீட்டும் அப்பாவின் வேட்டியும் பிழிகிற பதத்தில் இருந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பக்கெட்டை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

பிறகு தேடிப் படித்ததில் புரிந்தது. தென்மேற்குப் பருவ மாதங்களில் இங்கே கீழ்மட்டத்திலும் நடுமட்டத்திலும் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது, உள்மாவட்டங்களில் உருவாகும் இடிமழையை அதுதான் சென்னைப் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. ஆனால் சுமார் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் நேர் எதிராக, கிழக்கிலிருந்து ஒரு வேகமான காற்றோட்டம். மேகத்தின் தலை அதில் மாட்டி மேற்கே இழுபடுகிறது, உடம்பு நம்மைப் பார்த்து நடந்து வருகிறது. அதன்பின் தலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அடிப்பாகம் எதிர்வீட்டு செல்போன் டவருக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தேன், ரேடார் படத்தோடும் ஒத்துப் பார்த்தேன். பரவாயில்லை, துணி அதிகம் நனையவில்லை. ஆனால் குளிர்ந்த காற்று மட்டும் வந்து மழை வராமல் போன நாட்களும் உண்டு. மழையோடு இறங்கும் குளிர்காற்று தரையில் பரவி, மேகத்துக்குப் போகும் வெப்பக் காற்றையே அடைத்துவிட்டால் அது வழியிலேயே செத்துவிடும்.

"எட்டக் கோட்டை கிட்ட மழை" என்று பாட்டி சொல்வாரே, அதாவது நிலாவைச் சுற்றிய வளையம் தள்ளி இருந்தால் மழை பக்கத்தில் என்று, அதையும் சோதிக்கிறேன். நிலாவில் கட்டைவிரலை வைத்துக் கையை நீட்டி விரித்தால் சுண்டுவிரல் நுனி தொடும் தூரத்தில் வளையம், உயரத்தில் மெல்லிய பனித்துகள் படலம் இருக்கிறது என்று அர்த்தம். இதுவரை ஐந்து முறை பார்த்தேன், அடுத்த நாளுக்குள் மழை வந்தது இரண்டு முறை.

இப்போது அக்டோபர் கடைசி, காற்று திரும்பிவிட்டது. மேகம் கடலிலிருந்து வருகிறது, தாழ்வாக, சின்னதாக, இடி கூட இல்லாமல் விடியற்காலையில் பெய்துவிட்டுப் போகிறது. மேற்கே பார்த்துப் பழகியதெல்லாம் உதவாது. கிழக்கை எதிர் அபார்ட்மென்ட் மறைக்கிறது, தண்ணீர் டேங்க் மேல் ஏறினால் தெரியும், அம்மா விடமாட்டார். இன்று காலை எட்டரைக்கு டப்பாவில் 11 மி.மீ. எத்தனை மணிக்குப் பெய்தது என்ற இடம் நோட்டில் காலியாக இருக்கிறது, தூங்கிவிட்டேன்.