மாசம் எவ்வளவு முடியும்?

பழைய கார் வாங்கப் போய்வந்தேன் என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான். கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி விற்கிற கடையில், டீ வாங்கிக் கொடுத்தார்களா? கொடுத்தார்கள் என்றால், டீ குடித்த பிறகு எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டீர்கள்?

நான் மூன்று தாளில் போட்டேன். நான்காவதில் பேனா நின்றது. அந்த மூன்றையும் திரும்ப வாங்கிக் கிழிக்க எனக்குப் பன்னிரண்டு நாளும் இரண்டாயிரம் ரூபாயும் ஆனது.

நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வீடு நாகமலை புதுக்கோட்டை. நைட் டியூட்டி முடிந்து ஸ்கூட்டியில் வரும்போது ஒரு மழை நாளில் பைபாஸ் ரோட்டில் சறுக்கி விழுந்தேன். முழங்கையில் நாலு தையல். அன்றைக்கே முடிவெடுத்தாயிற்று, சின்னதாக ஒரு கார். புதுசுக்கு வசதி இல்லை. சித்தப்பா, "ரிங் ரோட்டுல நம்ம ஊர்க்காரர் கன்சல்டிங் வச்சிருக்காரு, நான் சொன்னா விலை குறைப்பாரு" என்றார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம்.

2018 வேகன் ஆர், வெள்ளை, பெட்ரோல். வண்டி எனக்குப் பிடித்திருந்தது. அது என் முகத்தில் தெரிந்தும் விட்டது, அது முதல் தப்பு. விலை என்ன என்று கேட்டேன். அவர் விலையைச் சொல்லவே இல்லை. "வெலையை விடுங்க மேடம், அது சித்தப்பாவும் நானும் பேசிக்கிறோம். மாசம் எவ்வளவு கட்ட முடியும், அதைச் சொல்லுங்க." பதினொரு ஆயிரம் வரை முடியும் என்றேன். இரண்டாவது தப்பு. அதற்குப் பிறகு அந்த மேஜையில் காரின் விலை என்ற பேச்சே எழவில்லை. பதினொன்றுக்குள் எப்படிப் பொருத்துவது என்பதே பேச்சு. கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பினார். மூன்று லட்சம் லோன், 36 மாசம், மாச டியூ 11,333. "கொஞ்சம்தான் கூட. வட்டி 12 பர்சென்ட். பேங்க்லயும் அதேதான் மேடம், அங்க அலைய விடுவாங்க, இங்க நாளைக்கே சாவி."

5,000 அட்வான்ஸ் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

அடுத்து தாள்கள் வந்தன. லோன் விண்ணப்பம், ஏதோ ஒப்பந்தம், இன்னொரு உறுதிமொழி. தொகை, வட்டி, கம்பெனி பெயர் எல்லா இடமும் காலி. "ஆபீஸ்ல டைப் பண்ணிக்குவாங்க." போட்டேன். நான்காவதாக வந்தது ஃபார்ம் 29. வண்டியைக் கைமாற்றியதாக ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கிற தாள். கையெழுத்துப் போடச் சொல்லி அவர் விரல் வைத்த இடம் விற்கிறவருடையது. கூடவே ஃபார்ம் 30, அதிலும் விற்கிறவர் பகுதி. நான் வாங்குகிறவள். விற்கிறவர் இடத்தில் என் கையெழுத்து எதற்கு?

மருத்துவமனையில் சம்மதப் படிவத்தில் காலி இடம் விட்டுக் கையெழுத்து வாங்கினால் ஜூனியர்களைத் திட்டுகிறவள் நான். அது அப்போதுதான் உறைத்தது. "இது எதுக்கு?" என்றேன். "ஃபார்மாலிட்டி மேடம். எல்லாரும் போடுறதுதான்." ஐந்து காசோலையும் வேண்டும் என்றார், தொகை எழுதாமல். சித்தப்பா என்னைப் பார்த்து முறைத்தார். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். எழுவதற்கு முன் செய்த ஒரே புத்திசாலித்தனம், எல்லாத் தாளையும், அவர் கணக்குப் போட்ட துண்டுச் சீட்டையும் போனில் படம் எடுத்தது. "எதுக்கு மேடம் போட்டோவெல்லாம்" என்றார், சிரித்தபடியே. சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

அன்று இரவு டியூட்டி ரூமில் சீனியர் சிஸ்டர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் வீட்டுக்காரர் கூட்டுறவு வங்கியில் இருந்தவர். ஃபார்ம் 29, 30 விஷயத்தைக் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு டியூ தவறினால் வண்டியை சீஸ் பண்ணி வந்து, நானே மனமுவந்து விற்றதாக வேறு யார் பெயருக்கோ மாற்றிவிடலாம். என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை, அதில் நான் போட்டிருந்தால் கையெழுத்துதான் ஏற்கெனவே இருக்குமே. அடுத்து அவர் கேட்டது: "12ன்னா, ஃப்ளாட்டா டிமினிஷிங்கா?"

எனக்கு வித்தியாசம் தெரியாது. பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவள் என்பதை இங்கே வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். ஃப்ளாட் என்றால் மூன்று லட்சத்துக்கு வருடம் 36,000, மூன்று வருடத்துக்கு 1,08,000 வட்டி. நான் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு மூன்று லட்சத்துக்கும் வட்டி ஓடும். வங்கியில் சொல்லும் 12 மிச்சம் இருக்கும் அசலுக்கு மட்டும். அதே மூன்று லட்சம், அதே 36 மாசம், டியூ 9,964. மொத்த வட்டி 58,700 சொச்சம். ஏறக்குறைய 49,000 ரூபாய் வித்தியாசம், இரண்டுக்கும் பெயர் 12 பர்சென்ட். அந்த ஃப்ளாட் 12ஐ வங்கிக் கணக்குக்கு மாற்றினால் 21க்கு மேல் வருகிறது.

துண்டுச் சீட்டின் மூலையில் இன்னும் மூன்று எண்கள் இருந்தன. டாக்குமென்ட் 6,000, வெரிஃபிகேஷன் 2,500, இன்சூரன்ஸ் 9,500. இந்த 18,000ஐ லோனில் இருந்தே கழித்துக்கொள்வார்களாம். அதாவது என் காருக்குப் போய்ச் சேருவது 2,82,000, நான் டியூ கட்டுவது மூன்று லட்சத்துக்கு. அதையும் சேர்த்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட 26 பர்சென்ட். மணி இரவு இரண்டு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த நாள் தனியாகப் போனேன். "சார் யாரும் வரலையா?" என்பதுதான் வரவேற்பு. ஃப்ளாட்டா டிமினிஷிங்கா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுதான் மேடம்." பைனான்ஸ் கம்பெனி பெயர் என்ன? "நம்ம ஆளுங்கதான்." வங்கியோ ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிதி நிறுவனமோ தனிநபருக்குக் கடன் கொடுத்தால், 2024 அக்டோபர் 1 முதல் ஒரு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். உண்மையான வருடாந்திர வட்டி எவ்வளவு, எல்லாச் செலவும் சேர்த்து எவ்வளவு என்று அதில் இருக்கும். கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு பெயர் சொன்னார். ரிசர்வ் வங்கி இணையதளத்தில் பதிவுபெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, அங்கேயே நின்று போனில் தேடினேன், அந்தப் பெயர் இல்லை. இன்னொன்று, 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்கி வைத்திருக்க வேண்டும். அந்தச் சுவரில் முருகன் படமும் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டரும் இருந்தன, சான்று எதையும் காணோம்.

என் தாள்களையும் அட்வான்ஸையும் கேட்டேன். ஓனர் வெளியூர், பையன் லீவு, சாவி இல்லை என்று நாலு நடை. நாலாவது நடையில், என் கையெழுத்து இருக்கும் காலித் தாள்கள் பற்றிப் போலீஸில் மனு எழுதி வைத்திருக்கிறேன் என்று தாளை எடுத்துக் காட்டினேன். (எழுதித்தான் வைத்திருந்தேன். கொடுக்கவில்லை.) மூன்று தாளும் மேஜைக்கு வந்தன. 3,000 வந்தது. 2,000 "வண்டியை உங்களுக்காக நிறுத்தி வச்சதுக்கு". அதற்கும் நின்று சண்டை போடத் தெம்பு இல்லை. அந்த 2,000 இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

சித்தப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். ஆள் கூட்டி வருகிறவருக்குக் கழிவு உண்டு என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர் வாங்கினார் என்று நான் சொல்லவில்லை.

அப்புறம் வங்கி. முதலில் போன கிளையில், பழைய காருக்கெல்லாம் நாங்கள் லோன் தருவதில்லை என்று கவுண்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். அரை நாள் பெர்மிஷன் வீண். என் சம்பளக் கணக்கு இருக்கும் கிளையில், அதே வங்கிதான், தருகிறோம் என்றார்கள். சம்பளக் கணக்கு எங்கேயோ அங்கேயே நேராகப் போய்விடுங்கள். அங்கே சிபில், அதாவது என் கடன் வரலாற்று அறிக்கை, இடித்தது. 2021இல் தவணையில் வாங்கிய போன், கட்டி முடித்தது, அறிக்கையில் இன்னும் பாக்கி என்று நின்றது. வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகவே கிடைக்கும், கார் பார்க்கப் போவதற்கு முன்பே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். திருத்த மனு போட்டால் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது விதி. எனக்கு 24 நாள் ஆனது. அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது, எவ்வளவு வரை தருவோம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். கையில் அந்தத் தாளோடு கார் தேடுவது தனிச் சுகம். எங்கே போனாலும் முதல் கேள்வி என்னுடையது: வண்டி என்ன விலை? மாசக் கணக்கை யாராவது ஆரம்பித்தால், அது எனக்கும் பேங்குக்கும், நீங்கள் விலையைச் சொல்லுங்கள்.

திருநகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அதே 2018 வேகன் ஆர் கிடைத்தது. 3,75,000க்கு முடிந்தது. மெக்கானிக் பார்த்தார், சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளை எடுத்துக் கிலோமீட்டரைச் சரிபார்த்தோம், குறை இல்லை. அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டால்தான் தலைவலி. அவர் 2022இலேயே கடனைக் கட்டி முடித்துவிட்டார், ஆனால் ஆர்.சி.யில் எச்.பி., அதாவது வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற குறிப்பு, அப்படியே இருந்தது. கடன் முடிந்தது, ஆட்சேபணை இல்லை என்று வங்கி கொடுத்த என்.ஓ.சி.யை பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். அவ்வளவு பத்திரமாக வைக்க வேண்டியதில்லை. அதற்குப் பொதுவாக மூன்று மாதம்தான் ஆயுள், அதற்குள் ஃபார்ம் 35உடன் ஆர்.டி.ஓ.வில் கொடுத்து எச்.பி.யை நீக்கியிருக்க வேண்டும். புதிதாக என்.ஓ.சி. வாங்க அவர் இரண்டு முறை வங்கிக்கு நடந்தார். முழுப் பணமும் எச்.பி. நீங்கிய பிறகுதான் என்று நான் உறுதியாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

வங்கி மதிப்பீட்டாளர் 3,60,000 போட்டார். லோன் 2,80,000. மீதி 95,000க்கு ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன். பணம் என் கைக்கு வரவில்லை, வங்கியிலிருந்து நேராக அவர் கணக்குக்குப் போனது.

பெயர் மாற்றத்தில் கடைசி உதை. ஃபார்ம் 30இல் சாரின் கையெழுத்து பழைய பதிவோடு ஒத்துப்போகவில்லை, ஆளைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். அவருக்குக் கை லேசாக நடுங்கும், ஆறு வருடத்துக்கு முந்தைய கையெழுத்து எப்படி வரும்? அவர் விற்ற காரிலேயே போய் அவரை ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் கிளட்சை அழுத்தாதே என்று பாடம்.

இதற்கு நடுவில் இன்சூரன்ஸை மறந்தே போனேன். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியை நம் பெயருக்கு மாற்ற மனு கொடுக்க வேண்டும். தராவிட்டால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்குத்தான் காப்பீடு, நம் வண்டி அடிபட்டால் கை விரிப்பார்கள். எனக்கு ஞாபகம் வந்தது பன்னிரண்டாவது நாள். நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி, பழைய ஓனருக்குத்தான் சொந்தம், அந்த வித்தியாசத்தையும் நான் கட்ட வேண்டியிருந்தது. பட்ஜெட்டில் இதற்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

ஆர்.சி. வந்த அன்று பாண்டி கோவிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு வந்தோம். அடுத்த வாரம் உசிலம்பட்டியில் ஒரு கல்யாணம். சித்தப்பா தானாகவே போன் பண்ணி, நானும் உன்னோடயே வந்துடுறேன் என்றார். முன் சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தார். நாகமலை தாண்டியதும் கேட்டார்.

"மாசம் எவ்வளவு கட்டுற?"

"9,300."

செக்கானூரணி வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.