ஸ்பீக்கர் மேல் மணல் கோலம்: கடைசியில் கோடு விழுந்தது

ஸ்பீக்கர் மேல் ஓர் உலோகத் தகட்டைப் பொருத்தி, மணல் தூவி ஒலி கொடுத்தால், தகடு அதிராத இடங்களில் மணல் ஒதுங்கிக் கோலமாக நிற்கும். ஒருவழியாக என் தகட்டிலும் கோடு விழுந்துவிட்டது! இதுவரை மணல் சும்மா துள்ளி மேசையெல்லாம் கொட்டியதுதான் மிச்சம். நேற்று ஒலியின் அதிர்வெண்ணை 1,000 ஹெர்ட்ஸை (நொடிக்கு 1,000 அதிர்வு) ஒட்டி ஒவ்வொரு ஹெர்ட்ஸாக நகர்த்திக்கொண்டே போனபோது, அங்கங்கே அலைந்துகொண்டிருந்த மணல் சட்டென்று ஒதுங்கி நின்றது.

எல்லாரும் ஆம்ப் (ஒலிபெருக்கும் கருவி), அதிர்வெண் என்றே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் ஸ்பீக்கரின் அதிரும் கூம்புக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள இணைப்புதான் எல்லாமே. நடுவில் குமிழ் மாதிரி இருக்கும் தூசி மூடி வெறும் காகிதம், அதில் தகட்டைத் தாங்கும் போல்ட்டை ஒட்டினால் மூடி நெளியுமே தவிர தகடு அசையாது. கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலின் விட்டத்துக்குப் பொருந்துகிற பிளாஸ்டிக் மூடி ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் விளிம்பு காயிலுக்கு நேர் மேலே உட்காரும்படி ஒட்ட வேண்டும், அதன் நடுவில் போல்ட். பசைத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம், அந்தப் பசை ஆறிய பிறகும் இளக்கமாகவே இருந்து அதிர்வைத் தானே விழுங்கிவிடும். எபாக்சி (இரண்டு கலவையைச் சேர்த்தால் கெட்டியாக இறுகும் பசை) போட்டு ஒரு ராத்திரி தொடாமல் விடுங்கள். தகட்டை இறுக்கும் வாஷர் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது.

தகடு 1 மி.மீ. அலுமினியம், 24 செ.மீ. சதுரம். இணையத்தில் வாங்கியது மூலை வளைந்து வந்தது. தட்டி நிமிர்த்தியும் அந்த மூலையில் மட்டும் கோடு கோணலாகவே விழுகிறது. இனி பெரிய தகடாக வாங்கி நானே வெட்டிக்கொள்வதாக இருக்கிறேன்.

உப்பு ஈரம் இழுத்து ஒட்டிக்கொள்கிறது, சலித்த உலர்ந்த மணல்தான் சரி. ரொம்ப நைசான தூள் போட்டால் கோட்டில் நிற்காமல், அதிகம் அதிர்கிற இடத்தில் போய்க் குவியும். தகட்டுக்கு மேலே எழும் காற்றோட்டம்தான் காரணம் என்று விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1831-லேயே காட்டிவிட்டார். இந்தக் கோலங்களுக்குப் பெயர் தந்த ஜெர்மன் இயற்பியலாளர் கிளாட்னி 1787-இல் வெறும் வயலின் வில்லால் தகட்டின் ஓரத்தை இழுத்தே இதையெல்லாம் வரைந்தார் என்பதை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இன்னும் எதுவும் வரவில்லை, தகட்டின் எடையில் கூம்பு திணறுகிறது. சத்தத்தைக் கூட்டினால் காது கிழிகிறது (காதடைப்பான் கட்டாயம்), ஒரே சைன் அலையை (ஒரே அதிர்வெண் கொண்ட தூய ஒலியை) விடாமல் ஓட்டினால் காயிலும் சுடுகிறது. சின்னத் தகடு ஒன்று வெட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் அதற்குள் மனசு தண்ணீர்ப் பக்கம் ஓடிவிட்டது: தட்டில் தண்ணீர் வைத்து 60 ஹெர்ட்ஸ் கொடுத்தால் அலைகள் அதில் பாதியான 30 ஹெர்ட்ஸில் ஆடுமாம். ஆழமில்லாத கறுப்புத் தட்டு ஒன்று ஏற்கெனவே எடுத்து வைத்தாயிற்று.