மாணவர் செதுக்கிய ஆசான் முகம்

பழைய அச்சுப் படங்களைப் பராமரிக்கும் வேலையில் ஒரு கொடுப்பினை உண்டு. மற்றவர்கள் கண்ணாடிச் சட்டத்துக்கு அப்பால் நின்று பார்ப்பதை நாங்கள் மேசைமேல் கிடத்தி, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி, உருப்பெருக்கியை வைத்துப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தவற்றில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது, டச்சுக் கலைஞர் ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் செதுக்கிய டிர்க் கோர்ன்ஹெர்ட்டின் முகம்.

கோல்ட்சியஸ் என்றதும் ஆய்வறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது 1589இல் அவர் செய்த ‘பெரிய ஹெர்குலிஸ்’ படத்தைத்தான். உடம்பெங்கும் தசை புடைத்து நிற்கும் படம் அது. அதன் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கை ஒரு முதியவரின் முகத்துக்கு முன்னால் எப்படி அடங்கி நடக்கிறது என்று பார்த்தால்தான் கோல்ட்சியஸ் முழுதாகத் தெரிவார் என்பது என் எண்ணம்.

கோர்ன்ஹெர்ட் அவருடைய ஆசான். 1522இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். ஓவியர் ஹேம்ஸ்கெர்க்கின் சித்திரங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கியவர். முப்பது வயதைக் கடந்தபின் லத்தீன் கற்று, பழைய ரோமானியச் சிந்தனையாளர்களான சிசெரோவையும் போயத்தியஸையும் டச்சு மொழிக்குக் கொண்டுவந்தார். மதக் கருத்துக்காக யாரையும் கொல்லலாகாது என்று கத்தோலிக்கரிடமும், சீர்திருத்தக் கிறிஸ்தவர்களான கால்வினியரிடமும் வாதாடி, இரு பக்கத்தாரின் பகையையும் தேடிக்கொண்டார். சிறைக்குப் போனார், ஊரைவிட்டும் போனார். ஜெர்மனியின் ஸாந்தன் நகரில் ஒதுங்கியிருந்த நாட்களில்தான் இளைஞர் கோல்ட்சியஸ் அவரிடம் தொழில் கற்றார். 1590 அக்டோபர் இறுதியில் ஆசான் கௌடாவில் இறந்தார்; ஏறக்குறைய அதே நாட்களில்தான் மாணவர் இத்தாலிக்குப் புறப்பட்டார். இந்தப் படம் அவர் திரும்பி வந்தபின், 1591-92 அளவில் செதுக்கப்பட்டதாகக் கொள்கிறார்கள்.

கன்னத்தில் உருப்பெருக்கியை வைத்தால் முகம் மறைந்து கோடுகள் மட்டும் மிஞ்சும். சாம்பல் நிறம் என்று இந்தத் தாளில் எதுவுமே இல்லை; கறுப்பு மையும் வெற்றுத் தாளும்தான். செதுக்குளியை அழுத்தினால் கோடு தடிக்கும், அழுத்தம் தளர்ந்தால் மயிரிழையாக மெலியும். நிழலுக்குள் போகும்போது பருத்து, வெளிச்சத்துக்கு வரும்போது இளைத்துக்கொண்டே வந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிகிறது. ஈரத்தாளை உருளை அழுத்தியபோது அது தகட்டின் பள்ளங்களுக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டது. அதனால் சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு கோடும் மெல்லிய வரப்பாக மேலெழுந்து நிற்பது தெரியும். குழந்தைப் பருவத்தில் நெருப்பில் வெந்து, விரல்களை முழுதாக விரிக்க முடியாமல் போன வலக்கையால் இழுத்த கோடுகள் இவை என்பதை நினைக்காமல் என்னால் இந்தத் தாளைத் தொட முடிவதில்லை.

செம்பு மென்மையானது. ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் தகடு சிறிது தேயும்; முதலில் போவது இந்த மயிரிழைகள்தான். தேய்ந்த தகட்டில் எடுத்த படிகளில் கன்னம் தட்டையாகி, கனிவு போய்க் கடுமை மட்டும் தங்கிவிடுகிறது. கோர்ன்ஹெர்ட்டைக் கடுகடுப்பான கிழவர் என்று யாராவது சொன்னால், அவர்கள் பார்த்தது எந்தப் படி என்றுதான் முதலில் கேட்பேன்.

எங்கள் பெட்டிகள் செதுக்கியவரின் பெயர்ப்படி அடுக்கப்பட்டவை. ஆகவே ஆசானின் வேலை ஓர் அடுக்கிலும் மாணவரின் வேலை வேறோர் அடுக்கிலும் இருக்கின்றன. முறை என்று பார்த்தால் அது சரிதான். ஆனாலும் யார் இந்த முகத்தைக் கேட்டாலும், ஹேம்ஸ்கெர்க்குக்காக ஆசான் செதுக்கிய தாள் ஒன்றையும் சேர்த்தே எடுத்துவைக்கிறேன். ஆசானின் கோடு சற்று முரடு. மாணவரின் கோடு எங்கிருந்து புறப்பட்டது என்பது அதைப் பார்த்தால் விளங்கும்.