இடையர்கள் ஊரில் வரி கட்ட மறுத்தவர்கள்

புனித பூமிக்குப் போய்வந்த நம் ஆட்கள் எழுதுவதில் பெத்லகேம் கோவிலின் குனிந்து நுழையும் வாசலும், ஆண்டவர் பிறந்த இடத்தில் பதித்திருக்கும் பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரமும் தவறாமல் வந்துவிடும். நானும் அந்த நட்சத்திரத்தை முத்தி செய்தேன். எழுந்திருக்கவே மனசில்லை, பின்னால் வரிசை நிற்கிறதே என்று எழுந்தேன். ஆனால் நான் எழுத நினைப்பது அங்கிருந்து கொஞ்சம் கிழக்கே இருக்கும் பெய்த் சாஹூர் என்ற பாலஸ்தீன ஊரைப் பற்றி. இடையர்களுக்கு வானதூதர் தோன்றிய வயல் என்று கும்பிடப்படும் இடம் அந்த ஊரில்தான் இருக்கிறது.

அங்கே இடையர் கூடாரத்தின் வடிவில் பிரான்சிஸ்கன் சபையார் கட்டிய சிறு ஆலயம், பக்கத்தில் புகை படிந்த குகைகள். ஒரு குகைக்குள் எங்கள் ஃபாதர் திருப்பலி நிறைவேற்றினார். டிசம்பரே இல்லை, இருந்தாலும் கிறிஸ்து பிறப்புத் திருப்பலிதான். ‘உலகினிலே நன்மனத்தவர்க்கு அமைதி’ என்று தமிழில் பாடியபோது கூட வந்த பாட்டிமார்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். இந்த வார்த்தை முதன்முதலில் காற்றில் கேட்ட இடம் இது என்று நினைத்தால் யாருக்குத்தான் தொண்டை அடைக்காது?

வெளியே வந்தால் எதிர்மலை முழுக்க அடுக்குமாடிக் கட்டடங்கள். ஹர் ஹோமா என்ற இஸ்ரேலியக் குடியேற்றம் அது. மலையின் அரபுப் பெயர் ஜபல் அபு குனைம். 1967 போரில் பிடித்த நிலம், 1997-இல் கட்டத் தொடங்கினார்கள். எங்கள் வழிகாட்டி பெய்த் சாஹூர்க்காரர், கிறிஸ்தவர், அறுபதைத் தொடும் வயது. சின்ன வயதில் அங்கே பைன் மரக்காடு இருந்தது, ஈஸ்டர் முடிந்து குடும்பத்தோடு சாப்பாடு கட்டிக்கொண்டு போவோம் என்றார். அப்புறம், கேட்காமலே, வரிக் கதையைச் சொன்னார்.

1987 கடைசியில் முதல் இன்திஃபாதா, அதாவது ஆக்கிரமிப்புக்கு எதிரான பாலஸ்தீன மக்கள் எழுச்சி, வந்தபோது இந்த ஊர் கல்லெறிவதை நம்பவில்லை. எங்களை ஆக்கிரமித்திருக்கும் இஸ்ரேல் ராணுவத்துக்கு நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும், எங்களுக்கு ஓட்டா இருக்கிறது என்று கேட்டு வரி கட்டுவதை நிறுத்திவிட்டது. நூற்றுக்கணக்கானோர் இஸ்ரேல் கொடுத்த அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். இஸ்ரேலியப் பாலை வாங்கக் கூடாது என்று 18 பசுக்களை வாங்கி ஊருக்கே பால் கறந்தார்கள், அந்த மாடுகளையும் ராணுவம் தேடி அலைந்தது. 1989-இல் ஊரை வாரக்கணக்கில் முற்றுகையிட்டு, தொலைபேசியை அறுத்து, வீடு வீடாகப் புகுந்து சாமான்களை ஜப்தி செய்தார்கள். அப்போது இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சர் இட்சாக் ராபின். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜைத் தூக்கும்போது உள்ளே இருந்த தக்காளியைத் தரையில் கொட்டிவிட்டுப் போனார்கள், அம்மா அதைப் பொறுக்கி எடுத்து அன்றைக்கே குழம்பு வைத்தாள் என்றார் வழிகாட்டி. முற்றுகையைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு வந்த தீர்மானத்தை அமெரிக்கா வீட்டோ போட்டு விழுத்தியது.

எனக்கு உடனே லூக்கா இரண்டாம் அதிகாரம்தான் ஓடியது. அகுஸ்து சீசர் தொகை எழுதச் சொன்னதால்தானே நிறைமாத மரியாள் நாசரேத்தை விட்டு இங்கே வந்தாள்? எதற்குத் தொகை எழுதுவார்கள், வரி பிடுங்கத்தான். ஆக்கிரமித்தவனின் கணக்கேட்டில் பேர் எழுதப் போன வழியில் பிறந்தவர் நம் ஆண்டவர். இத்தனை வருடம் குடில் கட்டியிருக்கிறோம், பிரசங்கம் கேட்டிருக்கிறோம், இதை ஒரு வரி யாரும் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபமே வந்தது.

நம் ஊர் ஜெபக் கூட்டங்களில் ‘இஸ்ரேலை ஆசீர்வதிக்கிறவன் ஆசீர்வதிக்கப்படுவான்’ என்று முழங்கும்போது, ஆபிரகாமுக்குச் சொன்ன வார்த்தையை 1948-இல் பிறந்த ஓர் அரசுக்கு அப்படியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். யூதர்கள் ஐரோப்பாவில் பட்ட பாட்டை மறந்துவிட்டு யாரும் நியாயம் பேச முடியாது. அந்தப் பாவத்துக்கான விலையைப் பாலஸ்தீனத்துக் குடியானவன் கொடுத்தான், ஏழு லட்சம் பேர் வீடிழந்தார்கள், அதையும் மறக்க முடியாது. இதை மதச்சண்டை என்று சொல்லிக் கைகழுவுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நிலம், தண்ணீர், கூலி, நடமாட அனுமதிச்சீட்டு, இவைதான் சண்டை. நாங்கள் போனபோது, விடியுமுன்னே செக்பாயிண்ட் கம்பிக்கூண்டுக்குள் வரிசையில் நின்ற பாலஸ்தீனத் தொழிலாளிதான் அந்தக் குடியேற்றங்களுக்கும் செங்கல் சுமந்தான். அந்தப் போராட்டக் காலத்தில் பெய்த் சாஹூர் வீடுகளுக்கு விருந்தாளிகளாக வந்த இஸ்ரேலிய யூதர்களும் இருந்தார்கள். ஆக்கிரமிப்பில் பணிபுரிய மாட்டோம் என்று சிறைக்குப் போகும் இளைஞர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். என் தோழமை அவர்களோடும்தான்.

திரும்பும்போது சுவர் வாசலில் சீருடைப் பெண் ஒருத்தி பேருந்தில் ஏறி, எங்கள் பாஸ்போர்ட் அட்டைகளைப் பார்த்த மாத்திரத்தில் இறங்கிவிட்டாள். பெத்லகேமை எருசலேமிலிருந்து பிரித்து இஸ்ரேல் எழுப்பிய எட்டு மீட்டர் கான்கிரீட் சுவர் அது. பாலஸ்தீன நிலத்துக்குள் அதைக் கட்டியது சட்டவிரோதம் என்று அனைத்துலக நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. வழிகாட்டி சுவருக்கு இந்தப் பக்கமே இறங்கிக்கொண்டார். பத்து கிலோமீட்டர்கூட இல்லாத எருசலேமில் பெரிய வெள்ளிக்குக் கல்லறைக் கோவிலுக்குப் போக அவருக்கு அனுமதிச்சீட்டு வேண்டும், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கடல் தாண்டி வந்த எனக்கு அது ஒரு பஸ் பயணம்.

நாங்கள் போய்வந்ததற்கு அப்புறம் 2023 அக்டோபர் 7 வந்தது. ஹமாஸ் அன்றைக்குக் குடும்பங்களைக் கொன்றதை எந்த விடுதலையின் பேராலும் என்னால் நியாயப்படுத்த முடியாது. அதற்காகக் காசாவையே பட்டினி போட்டு, பல்லாயிரம் பிள்ளைகளைக் கொன்றதையும் எந்த வசனத்தாலும் நியாயப்படுத்த முடியாது. அந்த மாதமே காசாவின் புனித போர்ஃபிரியுஸ் ஆலய வளாகத்தில் குண்டு விழுந்து, தஞ்சம் புகுந்திருந்தவர்கள் செத்தார்கள். அந்த டிசம்பரில் பெத்லகேமின் லூத்தரன் ஆலயம் ஒன்றில் குழந்தை இயேசுவை உடைந்த கான்கிரீட் குவியலில் கிடத்திக் குடில் வைத்தார்கள்.

இனி போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெத்லகேமை அரை நாளில் முடித்துவிட்டு எருசலேம் ஹோட்டலுக்கு ஓட்டிப்போகும் திட்டமாக இருந்தால், முன்பணம் கட்டுமுன் டிராவல்ஸ்காரரிடம் பேசுங்கள். ஒரு ராத்திரியாவது பெத்லகேமிலோ பெய்த் சாஹூரிலோ தங்கக் கேளுங்கள். ஒலிவ மரச் சிலுவையைச் செதுக்குகிறவரின் பட்டறையிலேயே வாங்குங்கள். ஞாயிறு என்றால் உள்ளூர்ப் பங்கில் அரபுத் திருப்பலிக்குப் போங்கள், மொழி புரியாவிட்டாலும் பூசை நமக்குத் தெரிந்த பூசைதான். முடிந்ததும் வாசலில் காபி கொடுப்பார்கள், அவசரப்படாமல் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.